அப்டேட்டை ஏன் தள்ளிப்போடுகிறோம்: ஒரே மூட்டையில் வரும் மருந்தும் சரக்கும்

"இப்போதே புதுப்பிக்கவா, இரவில் புதுப்பிக்கவா, பிறகு நினைவூட்டவா?" கணினியோ போனோ இப்படிக் கேட்டால் பலரின் விரல் மூன்றாவதற்குத்தான் போகிறது. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். "அப்டேட் போடாததால்தான் வைரஸ் வந்தது" என்று ஒருவர் சொல்ல, "அப்டேட் போட்ட மறுநாள்தான் பிரிண்டர் வேலை செய்யாமல் போனது" என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இரண்டு வேறு பொருள்களை ஒரே சொல்லால் அழைக்கிறோம், அந்த இரண்டும் நம் கைக்கு ஒரே மூட்டையாக வந்து சேர்கின்றன. குழப்பம் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

## மூட்டையைப் பிரித்துப் பார்த்தால்

ஓர் அப்டேட்டுக்குள் பொதுவாக நான்கு வகை மாற்றங்கள் இருக்கலாம்.

1. பிழைத் திருத்தம். மென்பொருள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்தால் அதைச் சரிசெய்வது. கோப்பைச் சேமிக்கும்போது திடீரென்று மூடிக்கொள்ளும் செயலி இதற்கு உதாரணம்.

2. பாதுகாப்புத் திருத்தம். இதுவும் ஒரு பிழையைச் சரிசெய்வதுதான். ஆனால் அந்தப் பிழை உங்கள் கண்ணில் படவே படாது. வெளியாள் ஒருவர் அதன் வழியாக உள்ளே நுழைய முடியும் என்பதுதான் ஆபத்து. இப்படிப்பட்ட பிழையைப் பாதுகாப்பு ஓட்டை என்பார்கள்.

3. புதிய வசதி. நேற்று இல்லாத ஒன்றைச் சேர்ப்பது.

4. இட மாற்றமும் தோற்ற மாற்றமும். பழகிய பொத்தான் வேறு இடத்துக்குப் போவது, அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது, கேட்காத செயலி வந்து உட்காருவது, விளம்பரத்துக்கு இடம் ஒதுக்குவது எல்லாம் இதில் அடக்கம்.

திருத்தத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பேட்ச் என்ற சொல்லுக்குக் கிழிசலில் வைத்துத் தைக்கும் ஒட்டு என்றுதான் பொருள். நிரல்கள் துளையிட்ட காகித நாடாவில் இருந்த காலத்தில், தவறான பகுதியை வெட்டி எடுத்துவிட்டுச் சரியான துண்டை அந்த இடத்தில் உண்மையிலேயே ஒட்டினார்கள். சட்டையில் ஒட்டுப் போடக் கொடுத்தால், தையல்காரர் பொத்தான்களையும் இடம் மாற்றித் தைத்துத் திருப்பித் தருவதில்லை. மென்பொருளில் அதுதான் நடக்கிறது. இரண்டாவது வகையை வேண்டுபவர் மூன்றையும் நான்கையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

## ஒட்டுக்கு ஏன் இவ்வளவு அவசரம்

"இத்தனை நாள் ஓட்டையோடுதானே ஓடியது, இன்னும் ஒரு மாதம் ஓடினால் என்ன?" என்ற கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் திருத்தம் வெளியான நாளிலிருந்து கணக்கு மாறிவிடுகிறது.

திருத்தம் வெளிவந்ததும் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். எந்த வரி மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை இருந்திருக்கிறது. அதுவரை சிலருக்கு மட்டும் தெரிந்திருந்த ரகசியம், அன்றிலிருந்து தேடத் தெரிந்த எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. அடுத்த நாளைத் தாக்குதல் புதன் என்று பாதுகாப்புத் துறையினர் குறிப்பிடுவது இதனால்தான்.

இதன் விலை என்ன என்பதற்கு 2017ஆம் ஆண்டே போதும். அந்த ஆண்டு மார்ச் 14 அன்று விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. அதே ஓட்டையில் நுழையும் கருவி ஒன்று ஏப்ரலில் இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று வன்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் நிரல் அதைப் பிடித்துக்கொண்டு உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் பல அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் ரத்தாகின. திருத்தத்துக்கும் தாக்குதலுக்கும் நடுவே 59 நாள் இருந்தது. ஓட்டையை அடைத்திருந்த கணினிக்குள் அந்த வழியாக நுழைய முடியவில்லை.

அதே மார்ச் மாதம் 7ஆம் தேதி, அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற இணையதளக் கட்டமைப்பு மென்பொருளுக்கும் ஒரு திருத்தம் வந்தது. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் தன் தளங்களில் ஒன்றில் அதைப் போடத் தவறியது. ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. அந்த அப்டேட்டைத் தள்ளிப்போட்டது அவர்களில் யாரும் இல்லை.

## அப்புறம் ஏன் போட்டதும் கெட்டுப்போகிறது

மென்பொருள் தனியாக ஓடுவதில்லை. செயலி ஒன்று விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை நம்பியிருக்கும், இயங்குதளம் வன்பொருளோடு பேச டிரைவர் என்ற சிறு நிரலை நம்பியிருக்கும், அந்த டிரைவரை எழுதியது வேறொரு நிறுவனமாக இருக்கும். இதில் ஒரு கண்ணி மாறினால், மற்றவை பழைய பழக்கத்தில் நீட்டும் கை காற்றில் நிற்கும். உங்களிடம் உள்ள கணினி, பிரிண்டர், வைரஸ் தடுப்பு, எழுத்துரு மென்பொருள் எல்லாம் அதே சேர்க்கையில் சோதனைக்கூடத்தில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

இரண்டு நிகழ்ச்சிகளைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. அவை இரண்டு வேறு வகைத் தவறுகள்.

முதலாவது, 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு. இது பெரும்பாலும் புதிய வசதிகளைக் கொண்ட அப்டேட். ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளைச் சிலர் வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருப்பார்கள். அப்படி மாற்றிய பிறகும் பழைய இடத்தில் ஒரு கோப்புறை மிச்சம் இருக்கும். வெறுமனே கிடக்கும் அந்த இரட்டைக் கோப்புறைகளைச் சுத்தம் செய்யத்தான் புதிய பதிப்பு முயன்றது. சிலரின் பழைய கோப்புறையில் உண்மையான கோப்புகள் இருந்தன. அவையும் அழிந்தன. சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்திய மைக்ரோசாஃப்ட், நவம்பர் நடுவில்தான் மறுபடி விட்டது. முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்களில் சிலர் இந்தக் குறையை முன்பே எழுதியிருந்தார்கள். குவிந்து கிடந்த புகார்களுக்குள் அது கவனிக்கப்படாமல் போயிருந்தது. பாதிக்கப்பட்டவர்களின் விகிதம் மிகச் சிறியதுதான். ஆனால் ஒரு வீட்டின் பத்து வருடப் புகைப்படங்கள் போனால், அந்த வீட்டுக்கு அது நூற்றுக்கு நூறு இழப்பு.

இரண்டாவது, 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறிய தரவுக் கோப்பை அனுப்பியது. அதைப் படிக்கும் பகுதியிடம் 20 மதிப்புகள் மட்டுமே இருந்தன, வந்த கோப்போ 21ஆவதையும் பார்க்கச் சொன்னது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி நினைவகத்தின் எல்லை தாண்டிப் படிக்கப்போய், இயங்குதளமே சரிந்தது. சாதாரணச் செயலியாக இருந்திருந்தால் அது மட்டும் மூடியிருக்கும். இது இயங்குதளத்தின் கருவறையில், அதாவது கெர்னலில் ஓடும் நிரல் என்பதால் கணினி முழுவதும் நீலத் திரையில் நின்றது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, விமானங்கள் ரத்தாகின. தவறான கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் எழவே முடியாத கணினிக்கு இணையம் வழியாகத் திருத்தம் அனுப்ப வழியில்லை. பெரும்பாலும் ஒவ்வொரு கணினிக்கு முன்னாலும் ஓர் ஆள் போய் நின்று அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மென்பொருளின் புதிய பதிப்பை உடனே எடுக்காமல் ஒரு பதிப்பு பின்தங்கியே ஓட்டும் ஏற்பாட்டை வாடிக்கையாளர்கள் செய்துகொள்ள அந்த நிறுவனம் இடம் கொடுத்திருந்தது. அப்படி எச்சரிக்கையாக இருந்தவர்களும் அன்று விழுந்தார்கள். தரவுக் கோப்புகளுக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது, அவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயின. பாதுகாப்புத் திருத்தம் என்றாலும் முதலில் சில ஆயிரம் கணினிகள், சில மணி நேரம் பொறுத்து மேலும் சில என்று படிப்படியாக விட வேண்டும். அதைச் செய்யாததுதான் ஒரு சிறு பிழையை உலகச் செய்தியாக்கியது.

ரீஸ்டார்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பிடித்து வைத்திருக்கும் கோப்பை விண்டோஸ் மாற்ற விடாது, அதனால்தான் அணைத்து எழுப்பச் சொல்கிறது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் கோப்பை மாற்றிவிடலாம், ஆனால் ஏற்கெனவே ஓடும் நிரல் பழைய நகலையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே அங்கும் மறுபடி தொடங்கினால்தான் திருத்தம் முழுதாக வேலை செய்யும்.

## நம்பிக்கை எங்கே உடைந்தது

தொழில்நுட்பக் காரணங்களை எவ்வளவு விளக்கினாலும், மக்கள் மனத்தில் இருக்கும் தயக்கத்தை அவை முழுதாக விளக்காது. அப்டேட் என்ற வழியை நிறுவனங்களே வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கின்றன.

2015இல் விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்குத் திருத்தங்கள் வரும் அதே வழியில், விண்டோஸ் 10க்கு மாறும்படி அழைக்கும் ஒரு நிரல் வந்து இறங்கியது. 2016இல் அந்த அழைப்புப் பெட்டியின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடியவர்களுக்கும் இயங்குதள மாற்றம் திட்டமிட்டபடி நடந்தது. மூடுவது என்றால் வேண்டாம் என்பதுதான் இருபது வருடமாகத் திரையில் எல்லோரும் பழகியிருந்த பொருள். அந்த நாட்களில், தானியங்கி அப்டேட்டையே அணைத்து வைப்பது எப்படி என்ற குறிப்புகள் பரவலாகச் சுற்றின. அதைக் கேட்டு அணைத்தவர்கள் வரும் மாதங்களின் பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்தே அணைத்தார்கள். வன்னாகிரை வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

ஆப்பிள் கதை வேறு மாதிரி. பேட்டரி பழசானால், ஒரு நொடியில் அதிக மின்சாரம் கேட்கும்போது தர முடியாமல் போன் திடீரென்று அணைந்துவிடும். இதைத் தவிர்க்க 2017 தொடக்கத்தில் வந்த, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸின் 10.2.1 பதிப்பு, பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. காரணம் உண்மையானது. ஆனால் வேகம் குறையும் என்று போன் வைத்திருந்தவர்களுக்குச் சொல்லவில்லை. வேகச் சோதனைகள் மூலம் விஷயம் வெளியே வந்த பிறகு, அந்த டிசம்பரில்தான் ஆப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. மாற்று பேட்டரியின் விலையை 79 டாலரிலிருந்து 29 ஆக இறக்கியது. புது பேட்டரி போட்டால் தீர்ந்துவிடும் குறைக்குப் புது போன் வாங்கியவர்கள் அதற்குள் எத்தனையோ பேர். "வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள்" என்ற சந்தேகத்தை இனி யாரும் வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது.

இதற்கெல்லாம் மேல், அப்டேட்டே தாக்குதலாக வந்த சம்பவங்களும் உண்டு. 2017 ஜூன் 27 அன்று வெடித்த நாட்பெட்யா என்ற நாச நிரல், உக்ரைனில் பரவலாகப் புழங்கிய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகத்தான் உள்ளே வந்தது. வன்னாகிரைக்கு ஏறத்தாழ ஆறரை வாரம் கழித்து. அப்டேட் போடாதவர்களை ஒன்று அடித்தது என்றால், போட்டவர்களை மற்றொன்று அடித்தது.

## ஏன் சேர்த்தே கட்டுகிறார்கள்

நிறுவனங்கள் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 20 திருத்தங்களைத் தனித்தனியாகக் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னால், ஒவ்வொன்றும் போட்டது அல்லது போடாதது என்று இரண்டு நிலை. மொத்தச் சேர்க்கைகள் 10,48,576. அத்தனையையும் யாராலும் சோதிக்க முடியாது. விண்டோஸ் 7 காலத்தில் இப்படித் தேர்வு செய்ய முடிந்தது. 2016 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மாதாந்திரக் கூட்டு அப்டேட்டுக்கு மாறியதற்குச் சொன்ன காரணமும், ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு கோலத்தில் இருந்ததுதான்.

ஆனால் இந்த நியாயம் ஓர் இடம் வரைதான் செல்லும். பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகவும், புதிய வசதிகளை இன்னொரு மூட்டையாகவும் கட்டினால் சேர்க்கைகள் லட்சக்கணக்கில் பெருகாது. கூடுதலாக ஒரு கிளையைப் பராமரிக்கும் செலவு மட்டும் வரும். அந்தச் செலவை நிறுவனம் தவிர்க்க நினைக்கிறது. புதிய வசதிகளுக்கு உடனடியாகப் பயனர்கள் கிடைக்கிறார்கள் என்பது சேர்த்தே கட்டுவதில் வரும் லாபம்.

## பிரித்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்

இது நடக்காத காரியம் இல்லை என்பதற்குச் சான்றுகள்:

1. டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பில் வசதிகள் உறைந்த நிலையில் இருக்கும். புதிய பதிப்பில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுவார்கள். தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு திட்டம் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது.

2. ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு 2012 முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்று உண்டு. வசதிகள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறைதான் மாறும், பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும்.

3. 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது, 14லேயே தங்கிப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறும் தேர்வை ஆப்பிள் கொடுத்தது. சில மாதங்களில் அதை மூடிவிட்டு, அது தற்காலிக ஏற்பாடு என்றது.

4. விண்டோஸ் 10இலேயே, மருத்துவக் கருவிகள் போன்றவற்றுக்காக வசதி மாற்றங்கள் இல்லாத நீண்டகாலப் பதிப்பு இருக்கிறது. சாதனங்களில் பதிக்கப்படும் 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. வீட்டுப் பயனர்களுக்கான விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது.

நான்காவதை இன்னொரு முறை படியுங்கள். ஏறத்தாழ ஒரே இயங்குதளம், ஒரு கூட்டத்துக்கு 2032 வரை, இன்னொரு கூட்டத்துக்கு 2025 வரை. வீட்டுப் பயனர்களுக்கும் ஓராண்டு நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் வருபவை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே, புதிய வசதி எதுவும் இல்லை. ஆக, பாதுகாப்புத் திருத்தம் என்ற மருந்தைத் தனியாகக் கட்டிக் கொடுக்க முடியும். ஆதரவு முடியும் தறுவாயில்தான் அது கடைக்கு வருகிறது.

ஆதரவு முடிந்த நாளில் கணினி நின்றுவிடாது. நேற்றுபோல்தான் ஓடும். இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது என்பதே மாற்றம். பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காததற்கு வேகக் குறைவு காரணமில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய பிராசஸரும் அது விதித்த நிபந்தனைகள்.

## இப்போதைக்குச் செய்யக்கூடியவை

1. உலாவியின் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். முன்பின் தெரியாதவர்கள் எழுதிய நிரலை நாள் முழுதும் ஓட்டுவது அதுதான்.

2. இயங்குதளத்தின் மாதாந்திரத் திருத்தத்தை ஒரு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். சில நாள் பொறுப்பது தவறில்லை, பெரிய கோளாறு இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். தாக்குதல் ஏற்கெனவே நடப்பதாகச் செய்தி வந்தால் அன்றே போடுங்கள்.

3. பதிப்பு எண்ணையே மாற்றும் பெரிய அப்டேட்டுக்கு ஒன்றிரண்டு மாதம் காத்திருக்கலாம், பழைய பதிப்புக்குத் திருத்தங்கள் வருவது நிற்காதவரை.

4. அப்டேட்டுக்கு முன் கோப்புகளின் நகல் ஒன்று, கணினியிலிருந்து கழற்றி வைக்கக்கூடிய டிஸ்கில் இருக்கட்டும். 1809 அழித்ததும் வன்னாகிரை பூட்டியதும் இருந்த ஒரே நகலைத்தான்.

5. புதிய போன் வாங்கும்போது கேமராவுக்கு முன் ஆதரவுக் காலத்தைப் பாருங்கள். கூகுள் 2023இல் பிக்ஸல் 8க்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தன. விலை குறைந்த மாதிரிகளுக்கு இந்தக் காலம் பெரும்பாலும் குறைவு.

6. அப்டேட் வந்திருப்பதாக இணையப் பக்கமோ குறுஞ்செய்தியோ சொன்னால் தொடாதீர்கள். அமைப்புகளுக்குள் நீங்களே போய்ப் பாருங்கள்.

## சட்டம் கேட்கப்போவது

ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். அங்கே விற்கப்படும் டிஜிட்டல் பொருள்களுக்குப் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு ஆதரவு வேண்டும் என்கிறது. அதன் இணைப்பில் உள்ள இன்னொரு வரி, இந்தக் கட்டுரை பேசும் விஷயத்தையே நேராகத் தொடுகிறது: பாதுகாப்புத் திருத்தங்கள், வசதி மாற்றங்களிலிருந்து பிரித்துத் தரப்பட வேண்டும்.

"தொழில்நுட்ப ரீதியாக இயலும் இடங்களில்" என்ற நிபந்தனையும் அந்த வரியிலேயே இருக்கிறது. இயலாது என்று நிறுவனங்கள் வாதாடும் நாளில், டெபியனின் நிலையான பதிப்பையும், 2032 வரை திருத்தம் பெறும் அந்த விண்டோஸ் 10ஐயும் எதிரே வைத்துக் கேள்வி கேட்க வேண்டியது ஒழுங்குமுறை அமைப்புகளின் வேலை.